கல்லை அறியும் கல்வி: உறையூர்ப் பட்டறைகளும் இரத்தினப் பரீட்சை மரபும்

மக்கள் 'செயற்கை வைரம்' என்று வழங்கிய திருச்சிக் கல், வைரம் அன்று. ஆயினும் அதைப் பட்டை தீட்டிய கைகள் வைரம் தீட்டும் கைகளுக்குக் குறைந்தவை அல்ல. இருபதாம் நூற்றாண்டில் உறையூர்த் தெருக்களிலும், திருச்சிராப்பள்ளியைச் சூழ்ந்த சிற்றூர்களிலும், புதுக்கோட்டை வட்டாரத்திலும் குடும்பம் குடும்பமாகப் பலர் இத்தொழிலில் வாழ்ந்தனர். 1990களில் அத்தொழில் சரிந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் குஜராத்தின் சூரத் நகரம், உலகில் பட்டை தீட்டப்படும் வைரங்களுள் எண்ணிக்கையில் மிகப் பெரும் பங்கைத் தன் பட்டறைகளுக்குக் கொண்டு வந்து சேர்த்தது.

கைத்திறன் ஈரிடத்தும் இருந்தது. ஓரிடம் எழவும் மற்றோரிடம் தளரவும் மூலப்பொருள், முதலீடு, ஏற்றுமதித் தொடர்பு எனப் பல காரணங்கள் உண்டு. அவற்றோடு அதிகம் பேசப்படாத காரணம் ஒன்றும் உண்டென்று நாம் கருதுகிறோம். கல்லைத் தீட்டும் திறன் ஒருவரிடமும், கல்லை மதிப்பிடும் அறிவு வேறொருவரிடமும் பிரிந்து கிடந்ததே அது. இந்தப் பிரிவினை நேற்று தோன்றியதன்று. அதற்கு ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் தமிழ் மரபுக்கும் அரபு - பாரசீக அறிவு மரபுக்கும் நம் கடலோர வணிகக் குடும்பங்களுக்கும் பங்கிருக்கிறது. அதனைச் சுருக்கமாக நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

உறையூரின் தொன்மை

உறையூர் முற்காலச் சோழரின் தலைநகர். கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த 'எரித்திரையக் கடலின் பெரிப்ளூஸ்' என்னும் கிரேக்க நூல் 'அர்கரு' என்ற இடத்து மெல்லிய துணியைக் குறிப்பிடுகிறது. அவ்விடம் உறையூரே என்பது அறிஞர் பலரின் துணிபு. 1960களில் சென்னைப் பல்கலைக்கழகத்தார் இங்கு நிகழ்த்திய அகழாய்வில் சாயத்தொட்டி ஒன்று வெளிப்பட்டது. கொங்கு நாட்டில் நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் நீலக்கல், பச்சை நிறப் பெரில், பளிங்கு ஆகியவற்றை அறுத்து மணியாக்கிய பட்டறைகளின் எச்சங்கள் கிடைத்துள்ளன. நெசவும் கல்வேலையும் காவிரிச் சமவெளிக்கும் அதனை அடுத்த கொங்கிற்கும் ஈராயிரம் ஆண்டு உறவுடையவை.

இஸ்லாத்தின் வருகையும் இந்நகரில் தொன்மையானதே. கோட்டை இரயில் நிலையத்தை அடுத்துள்ள சிறிய கல் பள்ளிவாசல் ஹிஜ்ரி 116இல், அதாவது கி.பி. 734இல் கட்டப்பெற்றதென்று அங்குள்ள அரபுக் கல்வெட்டைச் சான்றாகக் காட்டித் தமிழக முஸ்லிம் வரலாற்று நூல்கள் எழுதுகின்றன. பதினோராம் நூற்றாண்டினராக மரபு கருதும் ஹஸ்ரத் நத்ஹர் வலி (ரஹ்) அவர்களின் அடக்கத்தலமும் இந்நகரில்தான் உள்ளது. வணிகர் வழியும் இறைநேசர் வழியும் ஒருங்கே வந்து சேர்ந்த ஊர் இது.

சோழர் கல்வெட்டில் தரம் பிரித்தல்

இரத்தினங்களைத் தரம் பிரிக்கும் கலை தமிழகத்தில் எவ்வளவு நுட்பமாக வளர்ந்திருந்தது என்பதற்கு இரண்டு சான்றுகள் போதும். ஒன்று இலக்கியம், மற்றொன்று கல்வெட்டு.

சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை மதுரையின் இரத்தினக் கடைவீதியைக் காட்டுமிடத்தில் வைரத்தின் குற்றங்களாகக் காகபாதம், களங்கம், விந்து, ஏகை என நான்கினைச் சுட்டுகிறது. காக்கையின் காலடி போன்ற கீற்று, கறை, புள்ளி, கோடு என்று இவற்றைப் பொருள் கொள்ளலாம். இன்றைய ஆய்வகங்கள் பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கண்ணாடியின் கீழ் வைத்துத் தேடும் குறைகளும் பெரும்பாலும் இவையே.

இரண்டாவது சான்று தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ளது. முதலாம் இராசராசன் (985 - 1014) காலத்து அணிகலன் பட்டியல்கள் அக்கோயிற் சுவரில் கல்லில் வெட்டப்பட்டுள்ளன. அவற்றைப் படிப்போர் ஓர் அரசுக் கருவூலத்தின் மதிப்பீட்டேட்டைப் படிக்கும் உணர்வையே பெறுவர். முத்துகள் வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, நிம்பொளம், பயிட்டம், கரடு, சப்பத்தி, சக்கத்து என வகை பிரிக்கப்பட்டுள்ளன. அவற்றின் ஒளி குளிர்ந்த நீர், சிவந்த நீர் என்று வேறுபடுத்தப்பட்டுள்ளது. வைரங்களில் விளிம்பு மட்டமானவை, தட்டையானவை, முறிவுடையவை, பொரிவுடையவை, செம்புள்ளியுடையவை, கரும்புள்ளியுடையவை, வெந்த தழும்புடையவை எனக் குறைகள் ஒளிவுமறைவின்றிப் பதிவாகியுள்ளன. மன்னர் அளித்த கொடையாயிற்றே என்று எழுதுவோர் குறைகளை விட்டுவிடவில்லை.

எடையிலும் இதே கண்டிப்பு காணப்படுகிறது. பொன் 'ஆடவல்லான்' என்னும் பெயரிய எடைக்கல்லாலும், அணிகலன்கள் 'தட்சிணமேருவிடங்கன்' என்னும் எடைக்கல்லாலும் நிறுக்கப்பட்டன. கோத்த சரடு, சட்டம், செப்பாணி ஆகியவற்றைக் கழித்தும், அரக்கும் பிஞ்சும் சேர்ந்திருப்பின் அதனைக் குறித்தும் நிறை எழுதப்பட்டது. கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று அளவு இறங்குகிறது. இன்று உலகெங்கும் வழங்கும் 'காரட்' என்னும் அளவும் இத்தகைய விதை அளவே. கிரேக்கர் கரோப் விதைக்கு வழங்கிய பெயர் அரபியில் 'கீராத்' ஆகி, அரபு வணிகரின் வழியே ஐரோப்பாவை அடைந்தது. 1907க்குப் பின்னர்தான் அது 0.2 கிராம் என்று நாடுகளால் வரையறுக்கப்பட்டது.

இவ்வளவு நுட்பமான பட்டியலில் ஒரு செய்தி இல்லை. கல்லை மதிப்பிட்ட கருவூலத்தாரின் கண் எல்லா வரிகளிலும் தெரிகிறது. அக்கற்களைத் தேய்த்து மெருகேற்றியவர் யார், அவர் என்ன கற்றிருந்தார் என்பது தெரியவில்லை.

அரபு மொழியின் ஜவாஹிர் நூல்கள்

இதே காலத்தில் இஸ்லாமிய உலகம் இரத்தின அறிவைத் தனி அறிவுத்துறையாக வளர்த்துக் கொண்டிருந்தது. ஒன்பதாம் நூற்றாண்டின் அல்-கிந்தி இரத்தினங்கள் குறித்து எழுதினார். அவரைத் தொடர்ந்து இத்துறையின் பெருநூலை யாத்தவர் அபூரைஹான் அல்-பீரூனி. கஸ்னி அரசர் மௌதூதுக்கு உரித்தாக்கப்பட்ட அவரது 'கிதாபுல் ஜமாஹிர் ஃபீ மஅரிஃபத்தில் ஜவாஹிர்' இரத்தினங்களும் உலோகங்களும் பற்றிய அக்காலத்து அறிவின் தொகுப்பு.

அல்-பீரூனியின் சிறப்பு, கேட்டதை எழுதுவதோடு நில்லாமல் சோதித்தும் பார்த்ததில் இருக்கிறது. மரகதத்தைக் கண்டால் பாம்பின் கண் குருடாகும் என்பது அக்காலத்தில் பரவலாக நம்பப்பட்ட செய்தி. அவர் பாம்பின் முன் மரகதத்தை வைத்து மாதக்கணக்கில் சோதித்தார். பாம்பின் பார்வைக்கு ஒரு தீங்கும் நேரவில்லை என்று எழுதி வைத்தார். மேலும், நீர் ததும்பி வழியும் கலம் ஒன்றை அமைத்து, பொருளொன்று வெளியேற்றும் நீரின் எடையிலிருந்து அப்பொருளின் அடர்த்தியைக் கணக்கிட்டார். உலோகங்களுக்குப் பொன்னையும் கற்களுக்கு நீலக்கல்லையும் நூறு என வைத்து ஒப்பீட்டு அட்டவணை தந்தார்.

இம்முறையின் பயனை இன்றைய எடுத்துக்காட்டால் விளக்கலாம். வைரத்தின் ஒப்படர்த்தி 3.52. 'அமெரிக்கன் டைமண்ட்' என்று கடைகளில் வழங்கும் கியூபிக் சிர்கோனியாவின் ஒப்படர்த்தி 5.6க்கும் 6க்கும் இடைப்பட்டது. ஆகவே ஒரே அளவுள்ள இரு கற்களுள் போலிக்கல் ஒன்றரை மடங்குக்கும் மேல் கனமாக இருக்கும். ஆயிரம் ஆண்டுக்கு முன் கஸ்னியில் இருந்த நீர்க்கலம், இன்று சந்தையில் உள்ள இக்கல்லை அடையாளம் காட்டப் போதுமானது.

வைரத்தைப் பற்றி அல்-பீரூனி தரும் ஒரு செய்தி நம் கவனத்துக்குரியது. இராக்கிலும் குராசானிலும் மக்கள் வைரத்தைத் துளையிடவும் நஞ்சாகவும் பயன்படுத்தினரேயன்றி, அதன் வகையையும் நிறத்தையும் வேறுபடுத்திப் போற்றவில்லை என்கிறார். வைரத்துக்கு நிறமும் குற்றமும் பார்த்து விலை வைத்த மரபு இந்தியாவினுடையது. அந்த மரபை நூலாக்கிப் பிறருக்கு எட்டச் செய்ததில் அரபு, பாரசீக மொழிகளின் பங்கு பெரிது.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் அஹ்மது அத்-தீஃபாஷி (மறைவு 1253) எழுதிய 'அஸ்ஹாருல் அஃப்கார்' இருபத்தைந்து கற்களை விவரிக்கிறது. ஒவ்வொரு கல்லுக்கும் அது தோன்றும் காரணம், கிடைக்கும் இடம், நல்லதும் தீயதும், இயல்பும் பயனும், விலை என ஐந்து தலைப்புகள் உண்டு. பாடநூலுக்குரிய ஒழுங்கு இது. நஸீருத்தீன் தூஸி பாரசீகத்தில் 'தன்ஸூக்நாமா' எழுதினார். தில்லியில் அலாவுத்தீன் கில்ஜியின் ஆட்சியில் பணியாற்றிய சமணரான தக்குர பேரு, அரசுக் கருவூலத்து இரத்தினங்களைத் தாம் கண்டறிந்த அனுபவத்தோடு 1315இல் தம் மகனுக்குக் கற்பிக்கும் நோக்கில் இரத்தினப் பரீட்சை நூலொன்றை இயற்றினார். சமயம் கடந்து அறிவு கைமாறிய காட்சி இது.

அரபியில் இரத்தினத்தைக் குறிக்கும் 'ஜவ்ஹர்' என்னும் சொல்லையே கலாம் அறிஞர்கள் 'உள்பொருள்' என்னும் தத்துவக் கருத்துக்கும் ஆண்டனர். மேற்பரப்பில் தோன்றி மறையும் பண்பு 'அரள்' எனப்பட்டது. கல்லைப் பார்ப்பவன் பளபளப்பைத் தாண்டி உள்ளே பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அச்சொல்லிலேயே அமைந்திருக்கிறது.

கடலோரமும் ஈழமும்

1344ஆம் ஆண்டளவில் இலங்கையின் புத்தளத்தில் இறங்கிய இப்னு பதூதா, முத்துக்குளிப்பில் பெயர்பெற்ற ஆரியச்சக்கரவர்த்தியின் விருந்தினராக இருந்தார். அம்மன்னர் பாரசீக மொழி அறிந்தவர். பின்னர் மலைநாட்டுக்குச் சென்ற பயணி, மாணிக்கம் எடுக்கும் முறையை எழுதியுள்ளார். மண்ணைத் தோண்டி எடுத்த வெண்கற்களைத் தேய்ப்போரிடம் தருவர். உள்ளிருக்கும் மாணிக்கம் வெளிப்படும்வரை அவர்கள் அரைப்பர். நூறு பணத்துக்கு மேல் மதிப்புடைய கல்லை விலை கொடுத்து அரசர் எடுத்துக்கொள்வார். அதற்குக் குறைந்தவை கண்டெடுத்தவருக்கே உரியன. இங்கும் தேய்ப்பவர் வேறு, நூறு பணம் என்று தீர்ப்புச் சொல்பவர் வேறு.

காயல்பட்டினம், கீழக்கரை முதலிய நம் கடலோர ஊர்களிலிருந்து முத்தும் இரத்தினமும் வாங்கி விற்கக் கொழும்புக்கும் இரத்தினபுரிக்கும் சென்றவர்கள் பலர். இலங்கையின் பேருவளைச் சோனகர் இன்றும் இவ்வணிகத்தில் முன்னிற்கின்றனர். பிற்காலத்தில் இவ்வணிகத் தொடர்பு பாங்காக், ஹாங்காங் வரை நீண்டது. இவ்வணிகக் குடும்பங்களில் கல்லறிவு தந்தையிடமிருந்து மகனுக்கும், மாமனிடமிருந்து மருமகனுக்கும் சென்றது. காலை வெயிலில் வடக்கு நோக்கிக் கல்லைப் பிடித்துப் பார்க்கக் கற்றதும், கைத்துண்டின் கீழ் விரலைத் தொட்டு விலை பேசக் கற்றதும் கடைத் திண்ணையில்தான். பள்ளிக்கூடம் இல்லை, நூலும் இல்லை. அவ்வறிவு குடும்பச் சொத்தாகக் காக்கப்பட்டது. அதனால் வணிகம் வளர்ந்தது என்பதை மறுக்க இயலாது. கல்லைத் தீட்டியவனின் பிள்ளைக்கு அச்சொத்தில் பங்கில்லாமற் போயிற்று என்பதையும் மறுக்க இயலாது.

பதினேழாம் நூற்றாண்டில் கோல்கொண்டா, பீஜப்பூர் நாட்டு வைரச் சுரங்கங்களுக்கு வந்த பிரெஞ்சு வணிகர் தவெர்னியே ஒரு காட்சியை விவரிக்கிறார். வணிகர்களின் பிள்ளைகள், பத்து வயது முதல் பதினைந்து பதினாறு வயது வரையிலானவர்கள், காலைதோறும் ஊர்ப் பெருமரத்தின் கீழ் அமர்வர். ஒவ்வொருவரிடமும் எடைக்கற்கள் ஒரு பையிலும் பொன் மற்றொரு பையிலும் இருக்கும். யாரேனும் வைரம் கொண்டுவந்தால் மூத்த பிள்ளை பார்த்து அடுத்தவனிடம் தருவான். கல் கைமாறிச் சுற்றி வரும். விலை பேசி வாங்குவர். மாலையில் வாங்கிய கற்களை நீர், எடை, தெளிவு பார்த்துப் பிரித்துப் பெருவணிகருக்கு விற்பர். இலாபத்தைப் பங்கிடுவர். உலக வரலாற்றில் வைரத் தரம் பிரித்தலுக்கு இருந்த தொழிற்கல்விக் கூடங்களுள் நாம் அறிந்த மிகப் பழையவற்றுள் இந்த மரத்தடியும் ஒன்று எனலாம். இக்காட்சியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். உறையூர்ப் பிள்ளைகளைக் காணும்போது அது தேவைப்படும்.

உறையூர்ப் பட்டறை

1902இல் பிரெஞ்சு வேதியியலார் வெர்னூயி, அலுமினாத் தூளைச் சுடரில் உருக்கிச் செயற்கை மாணிக்கம் வளர்க்கும் முறையை வெளியிட்டார். பிரான்சிலும் சுவிட்சர்லாந்திலும் ஆலைகள் எழுந்தன. சிறு கூம்பு போன்ற செயற்கைக் கற்கள் உலகெங்கும் விற்பனைக்கு வந்தன. அவற்றை வெட்டிப் பட்டை தீட்டும் தொழில் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் திருச்சியில் வேரூன்றியது. பர்மாவிலிருந்து திரும்பியோர் இத்தொழிலைக் கொண்டுவந்தனர் என்பது இங்கு வழங்கும் செய்தி. விடுதலைக்குப் பின் மேட்டுப்பாளையத்தில் சுவிஸ் கூட்டுறவுடன் செயற்கைக் கல் ஆலையும் அமைந்தது.

வேலை முறை எளியதாகத் தோன்றும். கல்லை அளவாக அறுத்து, உருட்டி, குச்சியின் முனையில் அரக்கை உருக்கி அதில் பதிப்பர். சுழலும் தட்டில் அதனைச் சாய்த்துப் பிடித்து ஒவ்வொரு பட்டையாக எடுப்பர். மேற்புறம் முடிந்ததும் அரக்கை இளக்கிக் கல்லைத் திருப்பிப் பதித்து அடிப்புறம் தீட்டுவர். இறுதியில் மெருகு. தொடக்கத்தில் சக்கரத்தை ஒரு கையால் சுழற்றி மறு கையால் கல்லைப் பிடித்தனர். பின்னர் மின்மோட்டார் வந்தது. அளவுகோல் இன்றி, கோணமானி இன்றி, கைப்பழக்கத்தாலும் சக்கரத்தின் ஓசையாலுமே நுண்ணிய கல்லில் சரியான பட்டைகளைத் தேர்ந்த தொழிலாளர் எடுத்தனர்.

ஆனால் அத்தொழிலாளர் தீட்டிய கல்லின் விலை அவருக்குத் தெரியாது. மூலக்கல்லை வணிகர் எண்ணித் தருவார். தீட்டிய கல்லை எண்ணி வாங்குவார். கூலி எண்ணிக்கைக்கு. எந்தக் கல் முதல் தரம், எது கழிவு என்று சொல்பவரும் அவரே. குடும்பத்தில் திருமணமோ நோயோ வந்தால் முன்பணம் வாங்க நேரும். முன்பணம் தீரும்வரை வேறு பட்டறைக்குப் போக இயலாது. கடனைக் கழிக்கப் பிள்ளையும் சக்கரத்தின் முன் அமரும். 1976இல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டமும் 1986இல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டமும் வந்தன. அவற்றுக்குப் பின்னரும், 1996இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு இந்தியக் கொத்தடிமைச் சிறார் குறித்து வெளியிட்ட அறிக்கையில் திருச்சி வட்டாரத்துச் செயற்கைக் கல் பட்டறைகள் தனியே இடம்பெற்றன.

தவெர்னியே கண்ட மரத்தடிப் பிள்ளைகளும் பத்து வயதினர். உறையூர்ப் பட்டறைப் பிள்ளைகளும் பத்து வயதினர். முன்னவர் கையில் கல்லை மதிப்பிடும் தராசு இருந்தது. பின்னவர் கையில் அரக்குக் குச்சி மட்டுமே இருந்தது. இரு பிள்ளைகளும் வேலைதான் செய்தனர். ஆனால் ஒருவர் கற்றது அவரை வணிகராக்கிற்று, மற்றவர் கற்றது அவரைக் கடனாளியாகவே வைத்திருந்தது.

சரிவு விரைவில் வந்தது. 1970களில் சோவியத் அறிவியலார் வளர்த்தெடுத்த முறையால் கியூபிக் சிர்கோனியா பெருமளவில் உற்பத்தியாகி, 1976 முதல் சந்தைக்கு வந்தது. திருச்சித் தொழிலாளர் அதனையும் திறம்படத் தீட்டினர். ஆனால் தாய்லாந்திலும் பின்னர் சீனாவிலும் இயந்திரங்கள் ஒரே நேரத்தில் பல கற்களை ஒரே கோணத்தில் தீட்டத் தொடங்கின. 1990களில் இறக்குமதி தளர்ந்ததும் அக்கற்கள் குறைந்த விலையில் வந்து குவிந்தன. பட்டறைகள் மூடின. எஞ்சியோர் சிலரே. கட்டட வேலைக்கும் திருப்பூர்ப் பனியன் ஆலைகளுக்கும் வெளிநாட்டுக்கும் பலர் சென்றனர். முப்பது ஆண்டு அனுபவத்துக்கு அவர்களிடம் காட்ட ஒரு சான்றிதழும் இல்லை. இயந்திரம் பறித்தது அவர்களின் கைவேலையை. கல்லறிவு அவர்களுக்குத் தரப்பட்டிருந்தால், வேலை போன பின்னும் அது அவர்களோடு இருந்திருக்கும்.

இன்றைய வைரக் கல்வி

வைரக் கல்வி இன்று ஒழுங்குபட்ட பாடத்திட்டமாகிவிட்டது. 1919இல் மார்செல் தோல்கோவ்ஸ்கி வைரத்தின் கோணங்களைக் கணக்கிட்டு நூல் எழுதினார். மேற்புறப் பட்டைகள் 34.5 பாகையிலும் அடிப்புறப் பட்டைகள் 40.75 பாகையிலும் அமைந்தால் உட்புகும் ஒளி மிகுதியாகத் திரும்பி வரும் என்பது அவர் முடிவு. 1931இல் அமெரிக்காவில் ஜி.ஐ.ஏ. எனப்படும் இரத்தினவியல் நிறுவனம் தொடங்கப்பட்டது. 1950களில் அது நிறத்துக்கு 'டி' முதல் 'இசட்' வரையும், தெளிவுக்குக் குறையற்றது முதல் கண்ணுக்கே தெரியும் குறையுடையது வரையும் படிநிலைகளை வகுத்தது. இந்தியாவில் மும்பையில் 1971இல் இரத்தினவியல் நிறுவனமும், சூரத்தில் 1978இல் இந்திய வைர நிறுவனமும் அமைந்தன.

இத்தகைய பயிற்சியில் மாணவர் முதலில் கற்பது வெட்டுவதை அன்று, பார்ப்பதை. கரட்டு வைரத்தை ஆராய்ந்து, குறை எங்கே உள்ளது, அதனைத் தவிர்த்து எவ்வடிவில் அறுத்தால் எடையும் தரமும் சேர்ந்து அதிக விலை கிடைக்கும் என்று திட்டமிட்டுக் குறியிட வேண்டும். அடுத்து அறுத்தல், இன்று பெரும்பாலும் லேசரால். பின்னர் ஒரு வைரத்தை மற்றொரு வைரத்தால் உரசி வட்டமாக்குதல். அதன்பின், வைரத்தூளும் எண்ணெயும் பூசிய வார்ப்பிரும்புத் தட்டில் 57 அல்லது 58 பட்டைகளை எடுத்தல். வைரத்தின் கடினம் எல்லாத் திசையிலும் ஒன்றாயிராது. மரத்துக்கு நார் ஓட்டம் இருப்பதுபோல் வைரத்துக்கும் உண்டு. அதனை அறியாதவர் கையில் கல் தேயாது, அல்லது பிளந்து போகும். ஔரங்கசீப் 1665இல் தவெர்னியேவுக்குக் காட்டிய பெருவைரம், வெனிசு நகரத்து ஓர்தென்சியோ போர்கியோவின் கையில் அளவுக்கு மீறித் தேய்க்கப்பட்டு எடை இழந்தது என்பது புகழ்பெற்ற செய்தி. இறுதியாக, தீட்டிய கல்லைத் தாமே தரம் பிரித்து எழுத வேண்டும். குறியிடுவதும் தீட்டுவதும் மதிப்பிடுவதும் ஒரே மாணவரின் பயிற்சியில் வந்து சேர்கின்றன. உறையூரில் பிரிந்து கிடந்தவை இவையே.

ஆய்வகத்தில் வளர்த்த வைரங்களின் வருகை இக்கல்வியை மேலும் இன்றியமையாததாக்கியுள்ளது. 1954இல் அமெரிக்காவில் முதன்முதலாக உறுதியாக நிறுவப்பட்ட இம்முயற்சி இன்று பேரளவு உற்பத்தியாகிவிட்டது. இவை கியூபிக் சிர்கோனியா போன்ற போலிக்கற்கள் அல்ல. அதே கரிமம், அதே கடினம், அதே ஒப்படர்த்தி. அல்-பீரூனியின் நீர்க்கலமும் இங்கு உதவாது. நைட்ரஜன் அணுக்களின் இருப்பையும் வளர்ச்சிக் கோடுகளையும் காட்டும் நிறமாலைக் கருவிகளே வேறுபாட்டைச் சொல்லும். 2023 மத்திய வரவுசெலவுத் திட்ட அறிவிப்பையடுத்து, ஆய்வக வைர ஆய்வுக்குச் சென்னை ஐ.ஐ.டி.க்கு ஐந்தாண்டுகளுக்கு ஏறத்தாழ 242 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. 2025இல் ஜி.ஐ.ஏ., ஆய்வக வைரங்களுக்கு இயற்கை வைரங்களின் நிற, தெளிவுப் படிநிலைகளை வழங்குவதை விட்டு வேறு சொற்களால் குறிக்கும் முறைக்கு மாறியது. தரம் பிரிக்கும் மொழியே மாறிக்கொண்டிருக்கும் காலம் இது.

நமக்குரிய படிப்பினை

இலங்கையில் 1970களில் நிகழ்ந்த ஒன்றை இங்குச் சொல்லியாக வேண்டும். 'கெவுடா' என்னும் பால்நிறக் கற்களை அங்குள்ளோர் பயனற்றவையென ஒதுக்கினர். தாய்லாந்து வணிகர் அவற்றை அற்ப விலைக்கு வாங்கிச் சென்று, உயர் வெப்பத்தில் சுட்டு, ஒளிரும் நீலக்கற்களாக்கி விற்றனர். தலைமுறை தலைமுறையாகக் கல் பார்த்தவர்களின் கையிலிருந்தே அச்செல்வம் நழுவியது. குடும்ப அனுபவம் மட்டும் போதாது, ஆய்வும் வேண்டும் என்பதை அந்நாடு உணர்ந்தது. 1993ஆம் ஆண்டின் சட்டம் இரத்தின ஆய்வுக்கும் பயிற்சிக்கும் தனி நிறுவனம் அமைய வழி செய்தது.

நம் மார்க்க நெறியில் இந்த அறிவுக்கு அறக்கடமையும் உண்டு. குறையை மறைத்து விற்றல் கூடாது என்பது ஃபிக்ஹின் அடிப்படை. மறைந்த குறை தெரியவரின் வாங்கியவர் பொருளைத் திருப்பித் தரும் உரிமையைச் சட்டநூல்கள் 'கியாருல் ஐப்' என்று விரிவாகப் பேசுகின்றன. உணவுக் குவியலில் கையை இட்டு உள்ளே ஈரமிருக்கக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அதனை மேலே தெரியும்படி வைக்காததற்காக விற்பவரைக் கண்டித்த நிகழ்ச்சியை நாம் அறிவோம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் அஷ்-ஷைஸரீ போன்றோர் எழுதிய ஹிஸ்பா நூல்கள் பொற்கொல்லர் முதலாகப் பல தொழிலாளரின் கலப்படங்களைப் பட்டியலிட்டு, அவற்றைக் கண்டுபிடிக்கும் வழிகளைச் சந்தைக் கண்காணிப்பாளருக்குக் கற்பித்தன. குறையைச் சொல்ல வேண்டுமாயின் முதலில் குறையைக் காணத் தெரிய வேண்டும். கல்லறிவு இல்லாத விற்பனையாளர் நேர்மையாளராக இருந்தும் பொய்யை விற்கக்கூடும். அணிந்துகொள்ளும் இரத்தினத்துக்கு ஜகாத் இல்லை என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. வணிகச் சரக்காயின் உண்டு. அதன் மதிப்பைக் கணக்கிடவும் தரமறிந்த கண் வேண்டும்.

தொழிலாளியின் உரிமையும் இதே நெறியில் அடங்கும். வியர்வை உலருமுன் கூலி கொடுக்கச் சொன்ன மார்க்கத்தைப் பின்பற்றுவோர், முன்பணத்தால் ஒரு குடும்பத்தின் பிள்ளையைச் சக்கரத்தின் முன் அமர்த்தும் வணிகத்தில் வாங்குபவராகவோ விற்பவராகவோ இருந்திருப்பின், அது பற்றிச் சிந்திக்கக் கடமைப்பட்டவர்கள். இதனைப் பிறர்மீது சுமத்திவிட்டு நாம் ஒதுங்க இயலாது. இரத்தின வணிகத்தில் நம் சமுதாயம் பெருமைக்குரிய இடம் வகித்தது. தன் அறிவைத் திண்ணையைத் தாண்டிப் பள்ளிக்கூடமாக்க அது முந்தவில்லை.

இன்று அதற்கு வாய்ப்பு உண்டு. திருச்சியில் 1951இல் ஹாஜி ஜமால் முஹம்மது சாஹிபும் காஜாமியான் இராவுத்தரும் தம் செல்வத்தைக் கொண்டு நிறுவிய ஜமால் முஹம்மது கல்லூரி, வணிகச் செல்வம் கல்வியாக மாறுவதற்கு நம் கண்முன் உள்ள சான்று. அதே மனப்பாங்கோடு, இரத்தின வணிகத்தில் தேர்ந்த மூத்தோர் தம் அனுபவத்தைத் தமிழில் எழுதி வைக்கலாம். அவர்கள் கண்டறிந்த சொற்களும் உத்திகளும் அவர்களோடு மறையலாகாது. அறக்கட்டளைகள், இயற்பியலும் வேதியியலும் பயின்ற மாணவ மாணவியர்க்கு இரத்தினவியல், வைரத் தரம் பிரித்தல் ஆகிய சான்றிதழ்ப் படிப்புகளுக்கு உதவித்தொகை வழங்கலாம். அரக்குக் குச்சி பிடித்த அனுபவமுள்ள உறையூர்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு, அவர்கள் எச்சமயத்தவராயினும், அதில் முதலிடம் தருவது நீதியாகும். நுண்ணோக்கி, ஒளிவிலகல்மானி, எடைத்தராசு ஆகியவை கொண்ட சிறு பயிற்சிக் கூடம் ஒன்றை அமைப்பது, ஒரு திருமண மண்டபம் கட்டுவதைவிட மிகக் குறைந்த செலவில் முடியும்.

தஞ்சைக் கல்வெட்டு முத்தின் நீரையும் வைரத்தின் புள்ளியையும் எழுதிவைத்தது. அல்-பீரூனி நூல் செய்தார். தக்குர பேரு மகனுக்குக் கற்பித்தார். உறையூரில் சக்கரத்தின் முன் அமர்ந்தவருக்கு மட்டும் ஒருவரும் அந்த ஏட்டைத் திறந்து காட்டவில்லை. அவர் பேரப்பிள்ளைகள் இன்று பள்ளியில் படிக்கின்றனர்; ஏட்டைத் திறந்து காட்ட இன்னும் காலம் கடந்துவிடவில்லை.